மே 17-க்கு நோர்வே போகிறீர்களா? விருந்தினர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ஒஸ்லோவிலோ பேர்கனிலோ இருக்கும் நண்பர், “மே மாதம் வா, பதினேழாம் திகதி எங்களோடு நில்” என்று கூப்பிட்டிருப்பார். நோர்வேக்காரர் ஆண்டு முழுவதும் அடக்கி வைத்திருக்கும் ஆரவாரத்தையெல்லாம் அந்த ஒரு நாளில் கொட்டிவிடுவார்கள். போகுமுன் பலரும் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

மே 17 நோர்வேயின் சுதந்திர தினம்தானே?

இல்லை, அரசியலமைப்பு நாள். 1814 மே 17 அன்று ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கூடியிருந்த 112 பேர் அடங்கிய சபை புதிய அரசியலமைப்பை உறுதிசெய்து கையெழுத்திட்டது. அதற்கு முன் நாடு டென்மார்க் மன்னரின் கீழ் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் சுவீடன் மன்னரின் கீழ் போனாலும் அரசியலமைப்பை விட்டுக்கொடுக்கவில்லை. சுவீடனை விட்டுப் பிரிந்தது 1905 ஜூன் 7-இல். ஜெர்மானிய ஆக்கிரமிப்பு நீங்கியது 1945 மே 8-இல். இந்த இரண்டு நாட்களுக்கும் இல்லாத கொண்டாட்டம் மே 17-க்கு உண்டு.

சுவீடன் மன்னர் கார்ல் யோஹானுக்கு இந்த விழா பிடிக்கவே இல்லை. 1829-இல் தலைநகரச் சதுக்கத்தில் கூடிய மக்களைப் படையை அனுப்பிக் கலைத்தார்கள். இன்று ஒஸ்லோ ஊர்வலம் போகும் பிரதான வீதிக்கு அவருடைய பெயர்தான்!

டெல்லியில் ஜனவரி 26 அன்று நடக்கும் அணிவகுப்பை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். டாங்கியும் இல்லை, ஏவுகணையும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கொடியை ஆட்டிக்கொண்டு நடப்பதுதான் விழாவின் மையம். பார்னதோக் எனப்படும் இந்தப் பிள்ளைகள் ஊர்வலம் தலைநகரில் 1870-இல் பையன்களோடு மட்டும் தொடங்கியது. பெண்பிள்ளைகள் 1889-இல் சேர்ந்தார்கள். 1906 முதல் அரச குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்று கையசைக்கிறது.

எத்தனை நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்?

குறைந்தது இரண்டு நாள். பயணக் களைப்பு தீர வேண்டும் என்பதோடு, கடைகளும் ஒரு காரணம். 17-ஆம் திகதி மளிகைக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். முந்தைய நாள் எல்லாரும் ஒரே நேரத்தில் போய் ஒரே முட்டையையும் ஒரே ஸ்ட்ரோபெரியையும் தேடுவார்கள். திகதி எந்தக் கிழமையில் வந்தாலும் விடுமுறை நகராது. ஞாயிற்றில் வந்தால் திங்கட்கிழமை ஈடு கிடைக்காது.

நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏசு விண்ணேற்ற நாள், பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவ விடுமுறைகளும் பல ஆண்டுகளில் இதே நாட்களை ஒட்டி வரும். 2027-இல் மே 17 திங்கட்கிழமை. முந்தைய நாள் பெந்தெகொஸ்தே ஞாயிறு, அன்றும் கடை இல்லை. அதற்கும் முந்தைய சனிக்கிழமை கடைகள் நேரத்தோடு மூடிவிடும். அந்த ஆண்டு போகிறவர்கள் வெள்ளிக்கிழமையே சாமான் வாங்கி முடிப்பது நல்லது.

விசா எப்படி?

நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் வலயத்தில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள் வரை தங்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள், ஆனால் அந்த எல்லையை நம்பி இருக்கவே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துவிடும், மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு. பிப்ரவரியில் வேலையைத் தொடங்குங்கள்.

குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, போக வர டிக்கெட் முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், நண்பரின் அழைப்பு ஆகியவை வேண்டும். செலவை நண்பர் ஏற்பதானால் அதற்கென்று உள்ள பொறுப்பேற்புப் படிவத்தை அவர் நிரப்பித் தர வேண்டும். பலருடைய விண்ணப்பம் தடுமாறுவது அழைப்புக் கடிதத்தில்தான். “என் நண்பர், விருந்துக்கு வருகிறார்” என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எத்தனை ஆண்டுப் பழக்கம், எங்கே தங்குவார், எந்தத் திகதியில் திரும்புவார், ஊரில் அவருக்கு என்ன வேலை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். திரும்பிப் போக உங்களுக்குக் காரணம் இருக்கிறது என்பதைத்தான் அதிகாரி தேடுகிறார்.

அரண்மனைக்கு முன்னால் போய் நிற்பதா, நண்பரின் ஊர்ப் பள்ளியோடு போவதா?

எங்கள் பதில் தயக்கமில்லாமல் பள்ளிதான். கார்ல் யோஹான் வீதியில் நிற்பவர் பார்வையாளர். பள்ளி முற்றத்தில் நிற்பவர் விருந்தாளி. நடு நகரத்தில் நல்ல இடம் வேண்டுமானால் ஒன்பது மணிக்கே போய் நிற்க வேண்டும். ஊர்வலம் பத்து மணிக்குத் தொடங்கும், சுமார் நூறு பள்ளிகள் கடந்து முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். நான்காவது வரிசையில் நிற்பவருக்கு முன்னால் நிற்பவரின் தொப்பியும் கொடி நுனிகளும்தான் தெரியும். உள்ளூர் ஊர்வலத்தில் பிள்ளை உங்களைப் பார்த்துக் கையசைக்கும், நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், முடிந்ததும் பின்னாலேயே நடந்து முற்றத்துக்குப் போகலாம்.

ஒரு சிக்கல் உண்டு. ஒஸ்லோவில் பல பள்ளிகள் நகர ஊர்வலத்துக்கே போகும், சில உள்ளூரிலேயே நடக்கும். நண்பரின் பிள்ளை படிக்கும் பள்ளி எந்த வகை என்று ஏப்ரலிலேயே கேட்டுவிடுங்கள். நகரத்துக்குப் போகிறதென்றால் வரிசையில் அது எத்தனையாவது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். எண்பதாவதாக வரும் பள்ளிக்காக ஒன்பது மணியிலிருந்து கால் கடுக்க நிற்கத் தேவையில்லை.

அரச குடும்பத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் என்.ஆர்.கே. தொலைக்காட்சியில் காலை முதல் நேரலை ஓடும். காலையுணவு மேசையில் இருந்தபடியே பார்க்கலாம், மாடமும் அதில்தான் நன்றாகத் தெரியும்.

அன்றைய நாள் எப்படி ஓடும்?

விடிந்ததுமே எங்கோ ஒரு பள்ளி வாத்தியக் குழு தெருவில் வாசித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்கும், ஏழு மணிக்கெல்லாம். எட்டு மணிக்குக் கொடியேற்றம், அதையொட்டிக் காலையுணவு. ஒன்பது பத்து மணிக்கு ஊர்வலம். நண்பகல் முதல் பள்ளி முற்றம்: சாக்கு ஓட்டம், கரண்டியில் உருளைக்கிழங்கு வைத்து ஓடுவது, திரைக்குப் பின்னால் தூண்டில் போட்டுப் பரிசு பிடிப்பது, குலுக்கல் சீட்டு. கேக்கும் காப்பியும் விற்பவர்கள் பெற்றோரே, வரும் பணம் வகுப்புக்கோ வாத்தியக் குழுவுக்கோ போகும். நண்பர் முறை போட்டு அங்கே நிற்க வேண்டியிருந்தால் நீங்களும் ஒரு மணி நேரம் கூட நில்லுங்கள். காப்பி ஊற்றிக் கொடுக்க மொழி தேவையில்லை, பத்துப் பேரோடு அறிமுகமும் ஆகிவிடும்.

பிள்ளைகளுக்கு அன்று ஐஸ்கிரீமுக்கும் பொல்செ எனப்படும் சாசேஜுக்கும் கணக்குக் கிடையாது. “போதும்” என்று நீங்கள் குறுக்கே விழ வேண்டாம்.

பல ஊர்களில் பிற்பகலில் சங்கங்களும் கழகங்களும் நடக்கும் பொதுமக்கள் ஊர்வலம் இன்னொன்று உண்டு. பேர்கனில் மரத்துப்பாக்கியும் முரசுமாக நடக்கும் பூயகோர்ப்ஸ் சிறுவர் அணிகளைத் தவறவிடாதீர்கள், அவை வேறெங்கும் இல்லாத வழக்கம்.

என்ன உடுத்துவது?

ஜீன்ஸும் ஸ்னீக்கரும் வேண்டாம். அன்று குப்பை கொட்டப் போகிறவர்கூட நல்ல உடையில்தான் போவார். நோர்வேக்காரர் பலர் பூனாட் அணிவார்கள், அவரவர் பூர்வீக வட்டாரத்துக்குரிய கம்பளி உடை, வெள்ளி நகைகளோடு. பல்லாயிரம் குரோனர் பெறுமதியானது, பெரும்பாலும் குடும்பச் சொத்து. வெள்ளி நகையைத் தொட்டுப் பார்ப்பது, “நான் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டுமா” என்று கேட்பது எல்லாம் சரியில்லை. எந்த வட்டாரத்தது என்று கேளுங்கள், மகிழ்ச்சியோடு அரை மணி நேரம் சொல்வார்கள்.

உங்களுக்குச் சேலை, வேட்டி தாராளமாகப் பொருந்தும். ஒஸ்லோவில் அன்று எத்தனையோ நாட்டு உடைகளைப் பார்க்கலாம். குளிர்தான் பிரச்சினை. மே நடுவில் ஒஸ்லோ காலையில் 5 முதல் 8 பாகை, மதியம் வெயில் அடித்தால் 15-ஐ ஒட்டி இருக்கும். மழை பெய்யலாம், சில ஆண்டுகளில் பனியும் விழுந்திருக்கிறது. பட்டுச் சேலைக்கு உள்ளே மெல்லிய கம்பளி உள்ளாடை, கால்வரை நீளும் கம்பளிக் கால்சட்டை, மேலே கோட். செருப்பு வேண்டாம், மூடிய தட்டைச் சப்பாத்து. பள்ளி முற்றத்துப் புல் ஈரமாக இருக்கும், குதி உயர்ந்த காலணி புதையும். சேலையைக் கணுக்கால் தெரிய ஒரு விரல் உயர்த்திக் கட்டினால் கரை நனையாது.

இடது மார்பில் சிவப்பு, வெள்ளை, நீல ரிப்பன் குத்திக்கொள்ளுங்கள். விருந்தினர் குத்தினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

காலையுணவுக்கு என்ன கொண்டு போவது?

பெரும்பாலும் ஆளுக்கொன்று கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் முறை. புதிதாகச் சுட்ட சிறு ரொட்டிகள், கிளறிய முட்டை, புகையூட்டிய சால்மன், உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, ஸ்ட்ரோபெரி, குமிழி வைன் என்பது வழக்கமான மேசை. “ஒன்றும் வேண்டாம், வந்தால் போதும்” என்று நண்பர் சொன்னாலும் எதையாவது எடுத்துப் போங்கள். ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள், மூன்று பேர் மூன்று கிண்ணம் முட்டையோடு வருவது அடிக்கடி நடக்கிறது. பூ கொண்டு போனால் என்றைக்கும் தவறாகாது.

நம் பக்கத்துப் பண்டம் செய்து வைத்தால் நன்றாகப் போகும். காரத்தைப் பாதியாக்குங்கள், கையால் எடுத்துத் தின்னும்படி இருக்கட்டும். மெதுவடை, கட்லட், மிதமான மசாலா போட்ட ரோல்ஸ் எல்லாம் சரி. குழம்பு வகை வேண்டாம். எல்லாரும் வெள்ளைச் சட்டையில் இருப்பார்கள்.

எட்டு மணி என்றால் எட்டு மணிதான். வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். உள்ளே போட ஒரு சுத்தமான சோடி கொண்டு போனால் பட்டுச் சேலைக்குக் கீழே காலுறையோடு நிற்க வேண்டியிராது.

மேசையில் கோபுரமாக நிற்கும் வளையக் கேக்கை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். பெயர் கிரான்சகாகெ. மாவே கிடையாது, பாதாமும் சீனியும் முட்டை வெள்ளையும்தான். ஆறு அச்சு கொண்ட ஒரு தொகுதியில் அச்சுக்கு மூன்றாகப் பதினெட்டு வளையம் வரும். அச்சு நண்பர் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும்.

அளவு: பாதாம் 500 கிராம் (பாதி தோலுரித்தது, பாதி தோலோடு), ஐசிங் சீனி 500 கிராம், முட்டை வெள்ளை 3 முதல் 4. பாதாமைப் பொடியாக அரைத்துச் சீனியோடு கலந்து, வெள்ளையை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிசையுங்கள். உருட்டினால் வெடிக்காமலும் கையில் ஒட்டாமலும் வந்ததும் நிறுத்துங்கள், நான்காவது தேவைப்படாமலும் போகலாம். மூடி இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் விரல் தடிப்பில் கயிறாக உருட்டி, வெண்ணெய் தடவி ரவை தூவிய அச்சில் வைத்து, நுனிகளை அழுத்திச் சேர்த்து, 200 பாகையில் சுமார் பத்து நிமிடம் வேக வையுங்கள். வெளிர் பொன்னிறம் வந்தால் போதும்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். இன்னும் இரண்டு நிமிடம் என்று விட்டால் வளையம் பல்லுக்கு அடங்காது. சூட்டோடு அச்சிலிருந்து எடுத்தால் உடையும், முழுக்க ஆற வேண்டும். ரவை தூவ மறந்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஆறியபின் ஒரு முட்டை வெள்ளையில் சுமார் 200 கிராம் ஐசிங் சீனி குழைத்துக் கோடு கோடாக இழுத்து, அதே குழம்பால் வளையங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒட்டி அடுக்குங்கள். கெட்டியாகிவிட்டதா? காற்றுப் புகாத பெட்டியில் ஒரு துண்டு ரொட்டியோடு ஒரு இரவு வைத்தால் இளகிவிடும். பரிமாறும்போது உச்சியிலிருந்து எடுக்காமல் கோபுரத்தைத் தூக்கி அடி வளையத்தை உடைத்துக் கொடுத்தால் உருவம் கடைசிவரை நிற்கும். கொட்டை ஒவ்வாதவர் யாராவது உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

மாட்டிறைச்சி, பன்றி சாப்பிட மாட்டோம். சைவம் வேறு. என்ன செய்வது?

சாதாரண சாசேஜில் பன்றியும் மாடும் கலந்திருப்பதே அதிகம். பொதியில் பார்க்க வேண்டிய சொற்கள்: ஸ்வீன் என்றால் பன்றி, ஸ்தூர்ஃபெ என்றால் மாடு, ஷில்லிங் என்றால் கோழி. சைவ சாசேஜ் எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் பள்ளி முற்றத்தில் ஒரே கொதிநீர்ப் பாத்திரத்தில் எல்லாவற்றையும் போடுவதுண்டு. கண்டிப்பான சைவம் என்றால் காலையுணவில் வயிற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். முற்றத்தில் வாஃபிள், ஐஸ்கிரீம் போதும். வாஃபிளிலும் கேக்கிலும் முட்டை நிச்சயம் இருக்கும்.

கொடியைப் பிடிப்பதில் விதி உண்டா?

தரையில் படக்கூடாது, குப்பையில் எறியக்கூடாது. பிள்ளை கையிலிருக்கும் காகிதக் கொடிக்கும் இதேதான். கம்பத்துக் கொடி காலை எட்டு மணிக்கு ஏறும், சூரியன் மறைவதற்குள் இறங்க வேண்டும், எப்படியானாலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் நிற்கக்கூடாது. ஒஸ்லோவில் அன்று சூரியன் மறைய பத்து மணி ஆகிவிடும் என்பதால் ஒன்பதுதான் கணக்கு. நண்பர் வீட்டில் கம்பம் இருந்தால் அந்த வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வேறு நாட்டுக் கொடியை ஊர்வலத்தில் தூக்குவது பற்றி அங்கே பலமுறை வாக்குவாதம் நடந்திருக்கிறது. விருந்தாளியாகப் போகும்போது நோர்வேக் கொடி ஒன்று போதும்.

என்ன சொல்லி வாழ்த்துவது?

“கிராத்துலேரர் மெ டாகென்.” தெருவில் எதிரே வருபவருக்கும் சொல்லலாம், அன்று மட்டும் முகம் தெரியாதவர்களும் பதில் சொல்வார்கள். கூட்டம் “ஹிப் ஹிப்” என்றால் நீங்கள் “ஹுர்ரா”. தேசிய கீதத்தில் எட்டுப் பத்தி உண்டு, வழக்கமாகப் பாடுவது 1, 7, 8. எழுந்து நில்லுங்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றுவது மரியாதை.

சிவப்பு உடையில் தூக்கமில்லாமல் திரியும் இளைஞர்கள் யார்?

ருஸ். உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள், பல நாள் கொண்டாட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள். நீல உடையும் உண்டு. சிறு பிள்ளைகள் அவர்களைத் துரத்தித் துரத்திப் பெயரட்டை சேர்ப்பார்கள், உங்கள் பிள்ளையும் கேட்கட்டும். சில அட்டைகளில் உள்ள வாசகம் சிறுவர்க்கு ஏற்றதாக இராது, ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுங்கள். மே 16 இரவு அவர்களுடைய பெரிய இரவு. தூக்கம் லேசானவர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம்.

மது?

17-ஆம் திகதி எந்தக் கடையிலும் விற்கக்கூடாது. திறந்திருக்கும் பெட்ரோல் நிலையத்திலும் பியர் கிடைக்காது. 4.7 சதவீதத்துக்கு மேல் எதுவானாலும் வின்மொனபோலே என்ற அரசுக் கடையில்தான், அதுவும் அன்று மூடல். உணவகத்தில் கிடைக்கும். தெருவிலும் பூங்காவிலும் குடிப்பது சட்டப்படி குற்றம். பள்ளி முற்றத்தில் வாடையோடு போய் நிற்பது அதைவிட மோசம்.

பணம் கையில் வேண்டுமா?

வேண்டும். பள்ளிக் கடைகளில் பெரும்பாலும் விப்ஸ் என்ற கைப்பேசிச் செயலி வழியாகத்தான் வாங்குகிறார்கள். வெளிநாட்டு அட்டையை நீட்டினால் இயந்திரமே இருக்காது. விப்ஸுக்கு நோர்டிக் நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் விருந்தினருக்குப் பயன்படாது. 200, 300 குரோனரைச் சில்லறையாக வைத்திருங்கள், அல்லது நண்பர் கட்டட்டும், மாலையில் கணக்குத் தீர்க்கலாம்.

ஊரிலிருந்து இனிப்பு கொண்டு போகலாமா?

பாலும் இறைச்சியும் சேர்ந்தவை ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை. சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, லண்டனிலிருந்து போகிறவர்களுக்கும் இதே விதி. பால்கோவா, நெய், பன்னீர், ஆட்டிறைச்சி வற்றல் எல்லாம் வேண்டாம். எள்ளுருண்டை, கடலை மிட்டாய், எண்ணெயில் சுட்ட முறுக்கு போன்றவை சிக்கலில்லாதவை.

படம் எடுக்கலாமா?

ஊர்வலத்தை எடுக்கலாம். தனிப் பிள்ளையின் முகத்தை நெருங்கி எடுத்து இணையத்தில் போடுவதானால் பெற்றோரைக் கேளுங்கள். நண்பரின் பிள்ளையானாலும் கேட்பதே முறை.

நண்பர் ஈழத்தமிழர். மறுநாளுக்கு ஏதாவது திட்டம் போடலாமா?

அவரைக் கேட்காமல் போடாதீர்கள். மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள். காலையில் பிள்ளையின் ஊர்வலத்துக்கு ஹுர்ரா போட்ட அதே குடும்பம் மறுநாள் நினைவேந்தலுக்குப் போகும். சில வீடுகளில் அந்த வாரம் முழுவதுமே பாட்டு, கூத்து வேண்டாம் என்று இருப்பார்கள், சில வீடுகளில் பிள்ளைகளுக்காக 17-ஐ நிறைவாகக் கொண்டாடிவிட்டு 18-இல் கஞ்சி காய்ச்சுவார்கள். எது அவர்கள் முறை என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கூட வரலாமா என்று கேட்டால் பெரும்பாலும் கூட்டிப் போவார்கள். அதற்கென்று வெள்ளையோ கறுப்போ ஒரு எளிய உடை பெட்டியில் இருக்கட்டும்.

17-ஆம் திகதியே விமானம் ஏற வேண்டியிருந்தால்?

முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் மாலை விமானம். காலையிலிருந்து பிற்பகல் வரை நடு ஒஸ்லோவில் டிராமும் பேருந்தும் ஊர்வலப் பாதையைத் தவிர்த்துச் சுற்றிப் போகும், சில தடங்கள் பாதியில் நிற்கும். சுரங்க ரயில் ஓடும், ஆனால் நாஷனல்தியாதரெ நிலையத்தில் பெட்டியோடு ஏறுவது இறங்குவது பெரும் பாடு. ஒரு நிலையம் தள்ளி ஏறுங்கள். மத்திய நிலையத்திலிருந்து கார்டெர்மோன் விமான நிலையத்துக்கு விரைவு ரயிலில் சுமார் 20 நிமிடம், வீ நிறுவனத்தின் சாதாரண ரயிலில் சுமார் 23 நிமிடம். மூன்று நிமிடத்துக்காக இரட்டிப்புக் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை. டாக்சியை நம்பினால் முதல் நாளே சொல்லி வையுங்கள், ஓட்டுநரின் பிள்ளையும் ஊர்வலத்தில் நடக்கக்கூடும்.